பழைய வொர்க்ஸ்டேஷன்கள்: எதை எடுப்பது, எதை விடுவது?

புதுவரவு எழுதியது:

ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் கிடங்கைக் காலி செய்கிறார்கள். வேண்டுமானால் எடுத்துக்கொள், இல்லையென்றால் எல்லாம் உடைசலுக்குப் போகும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் 1990களில் ஆய்வுக்கும் வடிவமைப்புக்கும் என்று விற்ற யூனிக்ஸ் மேசைக் கணினிகள், வொர்க்ஸ்டேஷன்கள். இருப்பவை: சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 ஒன்று, சிலிக்கான் கிராஃபிக்ஸ் இண்டி இரண்டு, ஆக்டேன் ஒன்று, ஹெச்பி 9000 வரிசையில் 712 ஒன்று, அப்புறம் சில பெரிய ட்ரினிட்ரான் டியூப் மானிட்டர்கள், ஒரு பெட்டி நிறைய கேபிளும் கையேடுகளும். சன்னுக்குக் கீபோர்டு இல்லை. எனக்கு லினக்ஸ் நன்றாகத் தெரியும், சாலிடரிங் ஓரளவு வரும், ஆனால் இந்த வகை இயந்திரங்களைத் தொட்டதே இல்லை. எல்லாவற்றையும் எடுத்துவிடத்தான் ஆசை, எடுத்தால் வீட்டில் நான் உட்கார இடம் இருக்காது. எதை எடுக்கலாம்?

கனப்பெட்டி எழுதியது:

முதலில் அந்தக் கேபிள் பெட்டியையும் கையேடுகளையும் வண்டியில் ஏற்றுங்கள், இயந்திரங்களைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. இயந்திரம் இன்னொன்று கிடைத்துவிடும், அதற்கான கேபிளும் கீபோர்டும்தான் கிடைக்காது, ஏனென்றால் கிடங்கைக் காலி செய்கிறவர்கள் முதலில் வீசுவது அதைத்தான். சன், எஸ்ஜிஐ (சிலிக்கான் கிராஃபிக்ஸ்) இரண்டிலும் மானிட்டருக்கு 13டபிள்யூ3 என்ற இணைப்பான் வரும், மூன்று தடித்த கோஆக்ஸ் ஊசியும் பத்துச் சின்ன ஊசியும் கொண்டது. வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே ஊசிகளின் வரிசை சன்னுக்கு ஒரு மாதிரி, எஸ்ஜிஐக்கு வேறு மாதிரி, ஐபிஎம்முக்கு இன்னொரு மாதிரி. சன் அடாப்டரை இண்டியில் செருகிவிட்டு, படம் வரவில்லை, போர்டு செத்துவிட்டது என்று நல்ல இயந்திரத்தைக் கழித்துக் கட்டியவர்கள் உண்டு. போதாததற்குச் சில கார்டுகள் படத்தின் வரிகளை ஒழுங்குபடுத்தும் சிங்க் சிக்னலையும் பச்சை நிறத்துக்கான கம்பியிலேயே சேர்த்து அனுப்பும். இன்றைய எல்சிடிகளில் சில அதைப் புரிந்துகொள்ளும், பல கறுப்பாகவே நிற்கும்.

இடம் குறைவு என்கிறீர்கள். அப்படியானால் என் ஓட்டு 712க்கு. 1994ல் வந்தது, சின்னப் பெட்டி, சாதாரண பிஎஸ்/2 கீபோர்டும் மவுஸும் போதும், மானிட்டர் இணைப்பும் வழக்கமான 15 ஊசி விஜிஏதான். ஹெச்பியின் யூனிக்ஸான ஹெச்பி-யூஎக்ஸ் ஓடும், நெக்ஸ்ட் நிறுவனத்தின் இயங்குதளமான நெக்ஸ்ட்ஸ்டெப் 3.3 கூட ஓடும். யாரும் அதைப் பார்த்து வாய் பிளக்க மாட்டார்கள், ஆனால் அதிகம் அலையாமல் ஓட்டிப் பார்த்துவிடலாம், முதல் இயந்திரத்துக்கு அது முக்கியம்.

ஐரிக்ஸ்பித்தன் எழுதியது:

பக்கத்திலேயே ஆக்டேன் உட்கார்ந்திருக்கும்போது 712ஐப் பற்றிப் பேசுகிறீர்களே, கனப்பெட்டி சார், இது நியாயமா?

புதுவரவு, ஆக்டேன் 1997ல் வந்த பெட்டி. அதன் உள்ளே பிராசசர், நினைவகம், கிராஃபிக்ஸ், மற்ற கார்டுகள் எல்லாம் பஸ் என்ற ஒரே பொதுத் தகவல் பாதைக்குப் போட்டி போடாது. நடுவில் ஒரு கிராஸ்பார் சுவிட்ச் இருக்கிறது, அதன் வழியாக ஒவ்வொன்றும் மற்றொன்றோடு தனித்தனியாகப் பேசும். அதே காலத்துப் பிசிக்கள் பல, கார்டுகளையெல்லாம் ஒரு பிசிஐ பஸ்ஸில் அடைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தன. 3டி படம் வரைய இன்று எல்லோரும் அறிந்த ஓபன்ஜிஎல்கூட எஸ்ஜிஐயின் ஐரிஸ்ஜிஎல் நூலகத்திலிருந்து 1992ல் பிறந்ததுதான். அதனால் ஆக்டேனை எடுத்தே ஆக வேண்டும், பேச்சே இல்லை.

சரி, அதன் குணக்கேடுகளையும் சொல்லிவிடுகிறேன். எடை சுமார் 25 கிலோ. விசிறிச் சத்தத்தில் அதே அறையில் தூங்க முடியாது. வெளிப்புற பிளாஸ்டிக் வயதாகி மொறுமொறுவென்று ஆகியிருக்கும், முன் கதவைப் பிடித்துத் தூக்கினால் கதவுதான் கையோடு வரும். எல்லாவற்றையும்விட, பின்னாலிருக்கும் கிராஃபிக்ஸ் பலகையை வெளியே இழுத்தால் அதன் இணைப்பானை விரலால் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். அது ஊசி வகை அல்ல, அழுத்தித் தொடும் நுண்ணிய புள்ளிகளின் வரிசை, ஒரு தூசு இழை சிக்கினாலே பலகை அடையாளம் தெரியாமல் போகும். மூடி போட்டுத்தான் வைக்க வேண்டும்.

இண்டி இரண்டையும் எடுங்கள், ஒன்று இன்னொன்றுக்கு உதிரி பாகம். 1993லேயே கேமராவோடு விற்கப்பட்ட மேசைக் கணினி அது, பெட்டிக்குள் தேடிப் பாருங்கள், இண்டிகேம் கிடந்தால் அதிர்ஷ்டம். ஆனால் இயங்குதளத்தில் ஒரு வரம்பு உண்டு: எஸ்ஜிஐயின் யூனிக்ஸான ஐரிக்ஸ், இண்டிக்கு 6.5.22 வரைதான், ஆக்டேனுக்கு 2006ல் வந்த கடைசிப் பதிப்பான 6.5.30 வரை போகலாம்.

நிழல்முனையம் எழுதியது:

மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா. இந்த இயந்திரங்கள் பொற்காலத்தின் தேர் என்பதுபோல் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. இண்டி வெளிவந்த 1993லேயே, 16 மெகாபைட் நினைவகத்தில் ஐரிக்ஸ் 5.1 நகரவே மாட்டேன் என்கிறது, மென்பொருள் வீங்கிப்போய்விட்டது என்று அந்த நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பொறியாளர் எழுதிய உள்குறிப்பு வெளியே கசிந்தது, இன்றும் இணையத்தில் வாசிக்கக் கிடைக்கிறது. அன்று வேலை பார்த்தவர்களே பல்லைக் கடித்துக்கொண்டு பயன்படுத்திய பொருளை நாம் பூசை அறையில் வைக்கிறோம்.

இன்னொன்று, பழைய இயந்திரத்தை மென்பொருளாலேயே நடித்துக் காட்டும் எமுலேட்டர்கள் இருக்கின்றன. கியூஇஎம்யூவில் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 ஓடுகிறது. மேமில் இண்டி ஓடுகிறது. சிம்ஹெச்சில் வாக்ஸ், ப்ரீவியஸில் நெக்ஸ்ட். இடமும் வேண்டாம், மின்கட்டணமும் வேண்டாம், முதுகுவலியும் வேண்டாம். பழைய யூனிக்ஸ் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இவ்வளவு போதும். மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மானிட்டர் எதற்கு?

கனப்பெட்டி எழுதியது:

எமுலேட்டர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, என் கணினியிலும் நான்கைந்து இருக்கின்றன. ஆனால் அந்த எமுலேட்டர் ஓடுவதற்கு வேண்டிய ப்ராம் நகல், அதாவது இயந்திரத்தைத் தொடக்கிவிடும் சிப்பின் நகல், எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் நிஜப் பெட்டியைக் காப்பாற்றி, திறந்து, சிப்பைக் கழற்றிப் படித்ததால் வந்தது. அரிய கார்டுகளில் படிக்கப்படாதவை இன்னும் கிடக்கின்றன. பெரிய 3டி பலகைகளை இன்று எந்த எமுலேட்டரும் ஒழுங்காகச் செய்வதில்லை.

அப்புறம், சில விஷயங்கள் திரையில் வராது. சன்னின் பழைய ஆப்டிகல் மவுஸைப் பாருங்கள், கட்டம் அச்சிட்ட உலோகப் பலகையின் மேல் வைத்தால் மட்டுமே நகரும், பலகையைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் அம்புக்குறி தாறுமாறாக ஓடும். சுமார் பத்து லட்சம் புள்ளி கொண்ட திரையை 1980களிலேயே மேசைமேல் வைத்திருந்தவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பது அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் புரியும். ஒரு மெகாபைட் நினைவகம், பத்து லட்சம் புள்ளித் திரை, நொடிக்குப் பத்து லட்சம் கட்டளை, இந்த மூன்றும் ஒரே மேசையில் வேண்டும் என்பதே அன்றைய கனவு. மூன்று எம் என்று அதைச் சொல்வார்கள். அந்தக் கனவின் மூதாதையான ஜெராக்ஸ் ஆல்ட்டோ 1973. உலக வலையின் முதல் சர்வர் ஓடியதும் இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பெட்டியில்தான், செர்ன் ஆய்வகத்தில் இருந்த நெக்ஸ்ட். அணைக்காதே என்று கையால் எழுதி அதன் மேல் ஒட்டியிருந்தார்கள்.

முதுகுவலி பற்றிச் சொன்னது மட்டும் உண்மை.

சாலிடர்கை எழுதியது:

எல்லோரும் எடுக்கச் சொல்கிறீர்கள், எடுத்தவுடன் என்ன செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. புதுவரவு, தயவுசெய்து ஆர்வத்தில் ஒயரைச் செருகிவிடாதீர்கள். பல ஆண்டுகள் கிடந்த பவர் சப்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

முதலில் திறந்து பாருங்கள். மின்வாசல் பக்கம் தேன் நிற உறைக்குள் ஒரு காகிதக் கெப்பாசிட்டர் இருந்து, உறையில் மெல்லிய விரிசல்கள் தெரிந்தால், அது ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம், மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் புகைந்து வீட்டையே நாறடிக்கும். விலை மலிவான பாகம், பார்த்தவுடன் மாற்றிவிடுங்கள். அடுத்தது எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். 1980களின் கடைசியிலும் 90களின் முற்பகுதியிலும் போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டவைத்த சின்ன அலுமினிய வகை வந்தது, அதற்குள் இருந்த திரவம் ரப்பர் அடைப்பையே அரித்துக்கொண்டு வெளியே கசியும். கசிந்த இடத்தில் சாலிடர் மங்கி, சாம்பல் நிறத்தில் இருக்கும். சூடான இரும்பை வைத்தால் மீன் வாடை அடிக்கும், அப்போது சந்தேகமே வேண்டாம். கழற்றிய பின் அந்த இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் நன்றாகக் கழுவாமல் புதிய கெப்பாசிட்டரைப் போட்டால் அரிப்பு அப்படியே தொடரும், செம்புத் தடங்கள் அறுந்துபோகும்.

மானிட்டரை மட்டும் திறக்காதீர்கள். பிக்சர் டியூப் அணைத்த பிறகும் பல ஆயிரம் வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைப்பது இந்தப் பொழுதுபோக்குக்குத் தேவையில்லாத வீரம்.

சன் பெட்டியில் தனி வியாதி ஒன்று உண்டு, அதை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். மதர்போர்டில் எம்48டி என்று தொடங்கும் எண் கொண்ட, உயரமான கறுப்பு சிப் ஒன்று சாக்கெட்டில் இருக்கும். கடிகாரம், அமைப்புகள், நெட்வொர்க் முகவரி, ஹோஸ்ட்ஐடி என்ற இயந்திர அடையாள எண் எல்லாம் அதற்குள்தான். அந்த சிப்புக்குள்ளேயே லித்தியம் பேட்டரியையும் வைத்து மூடிவிட்டார்கள். பேட்டரி செத்தால் இயந்திரத்துக்குத் தான் யார் என்பதே மறந்துபோகும். சிப்பின் மேல் பார்கோடு ஸ்டிக்கர் இருந்தால் பிய்க்காதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள், பழைய முகவரியின் கடைசி எண்கள் அதிலிருந்துதான் கிடைக்கும்.

புதுவரவு எழுதியது:

பயமுறுத்திவிட்டீர்கள், ஆனாலும் நன்றி. ஒரு சந்தேகம். உள்ளே இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை என்ன செய்வது? சத்தம் போடும், எப்போது வேண்டுமானாலும் சாகும் என்கிறார்கள். மெமரி கார்டில் ஓடும் அடாப்டரைப் போட்டுவிட்டு டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிடலாமா?

கனப்பெட்டி எழுதியது:

எறியவே எறியாதீர்கள். எடுக்கிற பொருட்களில் உண்மையான அபூர்வம் அந்த டிஸ்க்தான். ஆயிரக்கணக்கில் ஸ்பார்க்ஸ்டேஷன் 20 இருக்கிறது, ஆனால் அந்தக் கூடத்தில் அவர்கள் எழுதிய நிரல், அவர்கள் கருவிக்குச் சேர்த்த டிரைவர், எங்கும் கிடைக்காத ஏதோ ஒரு கம்பைலர் பதிப்பு, இதெல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும் இருக்கலாம். நான் பார்த்த பல சேகரிப்பாளர்கள் பெட்டியைப் பளபளவென்று துடைத்துவிட்டு, பூட் ஆகிறதா என்று பார்க்கப் புதிதாக இயங்குதளத்தை மேலேயே நிறுவிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது சேகரிப்பே அல்ல, தளவாடக் கடை.

வரிசை இதுதான்: இயந்திரத்தைப் பூட் செய்வதற்கு முன்பே டிஸ்க்கைக் கழற்றி, வேறு கணினியில் ஸ்கஸி (அன்றைய டிஸ்க் இணைப்பு முறை) கார்டு வைத்து, படிக்க மட்டும் செய்யும் முறையில் முழு நகல் எடுங்கள். டிடிரெஸ்க்யூ போன்ற கருவி இருந்தால் முதலில் நன்றாக இருக்கும் பகுதிகளை எடுத்துவிட்டுப் பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும், சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுதான் சரி. ஸ்கஸி கார்டு இல்லையென்றாலும் வழி உண்டு, நீங்கள் வாங்கப்போகும் ப்ளூஸ்கஸி, ஜூலுஸ்கஸி அடாப்டர்களின் புதிய பதிப்புகளே பழைய டிஸ்க்கைப் படித்து மெமரி கார்டுக்கு நகல் எடுக்கும். அதற்கப்புறம் அந்த நகலிலிருந்தே இயந்திரத்தை ஓட்டுங்கள், அசல் டிஸ்க்கைப் பெயர் எழுதி உறையில் போட்டு வையுங்கள். அடாப்டர் போடுவது மாசு என்று நினைக்கும் ஆள் நானில்லை. டிஸ்க் சுழலும் சத்தம் வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்கஸி இணைப்பில் 50 ஊசி, 68 ஊசி, 80 ஊசி என்று மூன்று உண்டு. வரிசையின் இரு முனையிலும் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் டெர்மினேஷன் இருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பிரச்சினை அதில்தான். சிடியிலிருந்து நிறுவப் பார்த்தால் இன்னொரு வம்பு, சன்னும் எஸ்ஜிஐயும் 512 பைட் பிளாக்கில் படிக்கும் சிடி டிரைவைத்தான் ஏற்கும், சாதாரண பிசி டிரைவ் பலவற்றில் அது இல்லை.

நிழல்முனையம் எழுதியது:

நகல் எடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த டிஸ்க்கில் பத்துப் பேருடைய மின்னஞ்சல் இருக்கும். மதிப்பெண் பட்டியல் இருக்கும், வேலை விண்ணப்பம் இருக்கும், யாரோ யாருக்கோ எழுதிய கடிதம் இருக்கும். அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். வரலாறு என்ற பெயரில் அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

ஐரிக்ஸ்பித்தன் எழுதியது:

திறக்காவிட்டால் எல்லாம் உடைசலில் போகும், அங்கே யார் எடுத்துப் படிப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது. மென்பொருளைக் காப்பாற்றாமல் வெறும் பெட்டியை வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எஸ்ஜிஐயின் மிப்ஸ்ப்ரோ கம்பைலரை எடுத்துக்கொள்ளுங்கள், லைசென்ஸ் அந்த இயந்திரத்தின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டது. அந்தக் கோப்பு டிஸ்க்கில் இருந்தால் கம்பைலர் ஓடும், டிஸ்க்கை அழித்தால் அதே இயந்திரத்தில் அதே கம்பைலர் ஓடாது. விற்ற நிறுவனம் இன்று இல்லை, புதிதாக யார் கொடுப்பார்கள்?

கனப்பெட்டி எழுதியது:

நிழல்முனையம் கேட்டது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க வேண்டாம். நான் செய்வது இது: முழு நகல் என்னிடமே இருக்கும், இணையத்தில் ஏறாது. வெளியே பகிர்வது இயங்குதளம், டிரைவர், கையேடு போன்றவை மட்டும், பயனர்களின் கோப்பகங்களுக்குள் நான் போவதில்லை. கொடுத்தவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுவேன், அழிக்கச் சொன்னால் அந்தப் பகுதியை அழித்துவிடுவேன். கையேடு விஷயத்தில் தயக்கமே வேண்டாம் புதுவரவு, பிட்சேவர்ஸ் என்ற இணையக் கையேட்டுத் தொகுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததை ஸ்கேன் செய்து கொடுங்கள்.

நிழல்முனையம் எழுதியது:

இது எனக்குச் சம்மதம். எமுலேட்டர் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

நெட்வொர்க்காரன் எழுதியது:

தாமதமாக வருகிறேன். ஒரே ஒரு விஷயம், இவற்றை வீட்டு நெட்வொர்க்கில் அப்படியே மாட்டாதீர்கள். ஐரிக்ஸ் நிறுவியவுடன் எல்பி, கெஸ்ட், டெமோஸ் என்று கடவுச்சொல்லே இல்லாத கணக்குகளோடு வரும், டெல்நெட் திறந்தே கிடக்கும். அந்தக் காலத்து நம்பிக்கை அப்படி. பழைய எஸ்எஸ்ஹெச் போட்டாலும் இன்றைய லினக்ஸ் அதன் பழைய மறையாக்க முறைகளை ஏற்காது. பிரவுசரில் எந்தத் தளமும் திறக்காது. ஒரு பழைய லினக்ஸ் பெட்டியை நடுவில் வைத்து, இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, ஒருபக்கம் இவை, மறுபக்கம் உலகம் என்று பிரித்துவிடுங்கள். நெட் வழியே பூட் செய்ய வேண்டிய என்எஃப்எஸ், டிஎஃப்டிபி, ஆர்ஏஆர்பி சேவைகளை எல்லாம் அதே பெட்டி கொடுக்கும், டிஸ்க்கே இல்லாமல் சன்னை நெட்டிலிருந்து பூட் செய்யலாம். சன்னில் அவர்களுடைய யூனிக்ஸான சோலாரிஸ் 9 வரைதான் போகும், 10ல் அந்தக் குடும்பத்தைக் கழற்றிவிட்டார்கள். புதிய இயங்குதளம் வேண்டுமானால் இலவசமான நெட்பிஎஸ்டி இருக்கிறது. மெதுவாக இருக்கும், ஆனால் ஓடும்.

புதுவரவு எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். 712, ஸ்பார்க்ஸ்டேஷன் 20, இண்டி இரண்டும், கேபிள் பெட்டி, கையேடு எல்லாம் வந்துவிட்டன. மானிட்டரில் ஒன்றை மட்டும் எடுத்தேன். ஆக்டேனை இதை வாசித்த இன்னொரு நண்பர் எடுத்துக்கொண்டார், ஐரிக்ஸ்பித்தன் கோபிக்க வேண்டாம், நல்ல கைக்குத்தான் போயிருக்கிறது. கூடத்தில் கேட்டதற்கு, பயனர் கோப்புகளை அழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். டிஸ்க் நகல்கள் எடுத்தாயிற்று, இண்டி ஒன்றில் மட்டும் டிஸ்க் சுழலவே இல்லை.

பவர் சப்ளையைச் சரிபார்த்துவிட்டு சன்னைப் போட்டேன். கீபோர்டு இல்லாததால் சீரியல் வழியாக 9600 வேகத்தில் பார்க்கிறேன். ஐடிப்ராம் (இயந்திரத்தின் அடையாளத் தகவல்) உள்ளடக்கம் தவறு என்கிறது, நெட்வொர்க் முகவரி முழுக்க எஃப்எஃப் என்று காட்டுகிறது, பிறகு தானாக நெட்டிலிருந்து பூட் ஆகப் பார்த்து அங்கேயே நிற்கிறது. சாலிடர்கை சொன்ன வியாதி இதுதானே?

சாலிடர்கை எழுதியது:

அதேதான், வேறொன்றும் இல்லை. டெர்மினலிலிருந்து பிரேக் சிக்னல் அனுப்பினால் ஓகே என்ற கட்டளை முனை வரும். அங்கே செட்-டிஃபால்ட்ஸ் கொடுத்துவிட்டு, எம்கேபி கட்டளையால் ஒவ்வொரு பைட்டாக எழுத வேண்டும். எண்கள் எல்லாம் ஹெக்ஸ். இடம் 0ல் 1, இடம் 1ல் இயந்திர வகை, உங்கள் 20க்கு அது 72. இடம் 2 முதல் 4 வரை 8, 0, 20, இது சன்னுக்கான முன்னொட்டு. 5 முதல் 7 வரை ஸ்டிக்கரிலிருந்து எடுத்த மூன்று எண்கள். அடுத்த நான்கு இடங்கள் தயாரிப்புத் தேதிக்கு, சுழியம் போட்டால் போதும். அதற்கடுத்த மூன்றில் ஹோஸ்ட்ஐடி, ஸ்டிக்கரின் அதே மூன்று எண்களை மறுபடி போடுங்கள். கடைசி இடத்தில் முதல் 15 பைட்டுகளின் எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிடும் கணக்கு) மதிப்பு. அது ஒரு பிட் தவறினாலும் மறுபடி அதே செய்திதான் வரும், பேப்பரில் கணக்குப் போடாமல் லினக்ஸில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

இது மின்சாரத்தை நிறுத்தும்வரைதான் நிற்கும். நிரந்தரமாக வேண்டுமானால் சிப்பை சாக்கெட்டிலிருந்து எடுத்து, பக்கவாட்டில் பிளாஸ்டிக்கை மெதுவாகச் சுரண்டி உள்ளே பேட்டரிக்குப் போகும் இரண்டு தகடுகளைக் கண்டுபிடியுங்கள், பழைய பேட்டரியின் தொடர்பை அறுத்துவிட்டு சிஆர்2032 ஹோல்டரை ஒட்டவையுங்கள். அறுக்காமல் அப்படியே இணைத்தால் செத்த பேட்டரி புதியதைத் தின்றுவிடும். சுரண்டுவதற்கு முன் மல்டிமீட்டரால் பார்த்து எந்தப் பக்கம் பாசிட்டிவ் என்று குறித்துக்கொள்ளுங்கள். சுழலாத இண்டி டிஸ்க்கைத் தட்டாதீர்கள், அதன் மாடல் எண்ணை மட்டும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.